பாதிக்குப் பாதி

2024 மே 18, சனிக்கிழமை இரவு. பெங்களூரு சின்னசாமி அரங்கில் ஐபிஎல் லீக் சுற்றின் இறுதிக்கட்ட ஆட்டம். கடைசி ஓவர் தொடங்கும்போது சென்னை சூப்பர் கிங்ஸ் வெல்ல 35 ரன் வேண்டும். அது கைக்கு எட்டாத எண். ஆனால் 17 ரன் எடுத்துவிட்டால் போதும், ஆட்டத்தில் தோற்றாலும் பிளேஆஃப் இடம் சென்னைக்குத்தான். களத்தில் தோனியும் ஜடேஜாவும். யஷ் தயாள் வீசிய முதல் பந்தைத் தோனி 110 மீட்டர் தூரத்துக்குத் தூக்கி அடித்தார். பந்து அரங்கத்துக்கு வெளியே போய் விழுந்தது. இனி ஐந்து பந்தில் 11 ரன்.

சிங்கப்பூரில் அப்போது ஞாயிறு அதிகாலை இரண்டு மணி தாண்டிவிட்டது. இந்திய நேரம் மாலை ஏழரைக்குத் தொடங்கும் ஆட்டம் இங்கே இரவு பத்து மணிக்குத்தான் ஆரம்பிக்கும். கடைசி ரயில் போய் வெகு நேரமாகியிருக்கும். தேக்கா வட்டாரத்துக் கடைமாடிகளிலும், வீவக வீடுகளின் கூடங்களிலும், புதுக்கோட்டை, சிவகங்கை, தஞ்சாவூர்ப் பக்கத்திலிருந்து வந்து கட்டுமானத் தளங்களிலும் கப்பல் பட்டறைகளிலும் உழைப்பவர்கள் தங்கும் விடுதிகளிலும், கைபேசித் திரை வெளிச்சத்தில் அந்த ஐந்து பந்துக்காக விழித்திருந்தவர்கள் எத்தனையோ பேர். உள்ளங்கை வியர்க்கிறது, வாய் உலர்கிறது, நெஞ்சு படபடக்கிறது. மூவாயிரம் கிலோமீட்டருக்கு அப்பால் யாரோ வீசும் பந்துக்கு இங்கே உட்கார்ந்திருப்பவரின் உடம்பு ஏன் இப்படி ஆகிறது?

அடுத்த பந்து வேகம் குறைந்து வந்தது. தோனி அடித்தது எல்லைக்கோட்டருகே ஸ்வப்னில் சிங்கின் கையில் போய் விழுந்தது. மீதி நான்கு பந்தில் ஒரே ஒரு ரன். சென்னை 191. பத்து ரன் குறைவு.

அந்தச் சிக்ஸரைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் போக மனமில்லை. பந்து வெளியே போய்விட்டதால் வேறு பந்து கொடுத்தார்கள். ஈரத்தில் ஊறிய பழைய பந்தைவிட அது வீச வாகாக இருந்தது என்று எதிரே ஆடிய பெங்களூரு அணியின் (ஆர்சிபி) தினேஷ் கார்த்திக் பிறகு சொன்னார். நம்பிக்கையைத் தந்த அதே அடி, எதிரணிக்கு நல்ல பந்தையும் கொடுத்துவிட்டது.

அன்று மாலை தொடங்கும்போதே கணக்கு சிக்கலாகத்தான் இருந்தது. சென்னையிடம் 14 புள்ளி, பெங்களூருவிடம் 12. பெங்களூரு வென்றால் இரண்டும் 14. சமமானால் நெட் ரன் ரேட் பார்ப்பார்கள். ஓர் அணி தொடர் முழுவதும் ஓவருக்குச் சராசரியாக எடுத்த ரன்னிலிருந்து, ஓவருக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்னைக் கழித்தால் கிடைப்பது அது. ஆட்டத்துக்கு முன் சென்னைக்கு 0.528, பெங்களூருவுக்கு 0.387. அந்த இடைவெளியை அடைக்க, முதலில் ஆடி 200 ரன் அளவுக்கு எடுத்தால் பெங்களூரு 18 ரன் வித்தியாசத்திலாவது வெல்ல வேண்டும். மழையால் ஆட்டம் கைவிடப்பட்டால் ஆளுக்கொரு புள்ளி, சென்னை உள்ளே. அதனால்தான் அன்று சிங்கப்பூரிலிருந்த சென்னை ரசிகர்கள் பெங்களூரு வானிலைப் படத்தைத் திரும்பத் திரும்பத் திறந்து பார்த்தார்கள். மூன்று ஓவர் முடிந்ததும் மழை வந்தது. கொஞ்ச நேரம் பெய்து, ஓர் ஓவரும் குறையாமல் ஆட்டத்தைத் திருப்பிக் கொடுத்துவிட்டு நின்றது. பெங்களூரு 218 எடுத்தது. சென்னைக்கு 201 வேண்டியிருந்தது.

வெற்றி, சிறு தோல்வி, மழை என்று மூன்று கதவுகள் சென்னைக்குத் திறந்திருந்தன. ஒன்றன்பின் ஒன்றாக அவை அடைபட்டு, கடைசியில் ஒன்றே மிஞ்சி, அதுவும் பாதி திறந்து பாதி மூடி நின்றது. உடம்பின் பதற்றம் உச்சத்துக்குப் போவது அந்தப் பாதியில்தான். இதை ஆய்வுக்கூடத்திலேயே அளந்து பார்த்திருக்கிறார்கள்.

லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியில் ஆர்ச்சி டி பெர்க்கரும் அவருடைய சகாக்களும் 2016இல் வெளியிட்ட சோதனை அது. 45 தன்னார்வலர்களை ஒரு கணினி விளையாட்டின் முன் உட்கார வைத்தார்கள். திரையில் பாறைகள் வரும். அடியில் பாம்பு இருக்கிறதா இல்லையா என்று ஊகிக்க வேண்டும். பாம்பு இருந்தால் கையில் வலிக்கும்படி ஒரு மின்னதிர்ச்சி. ஊகம் சரியோ தவறோ, பாம்பு இருந்தால் அதிர்ச்சி நிச்சயம். எந்தப் பாறையில் பாம்பு அதிகம் என்பது மெல்ல மெல்ல மாறிக்கொண்டே இருக்கும். கண்பாவை விரிவதையும் தோல் வியர்ப்பதையும் கருவிகள் அளந்தன. மனத்தில் எவ்வளவு பதற்றம் என்று அவர்களிடமே கேட்டும் குறித்துக்கொண்டார்கள்.

அதிர்ச்சி நிச்சயம் வரும் என்று தெரிந்தவர்களுக்குத்தானே பதற்றம் அதிகம் இருக்கும் என்று நினைப்போம். அப்படி இல்லை. வரவே வராது என்றபோதும் பதற்றம் குறைவு, கண்டிப்பாக வரும் என்றபோதும் குறைவு. வரலாம், வராமலும் போகலாம், இரண்டுக்கும் சம வாய்ப்பு என்ற நிலையில்தான் அது உச்சம் தொட்டது. வலியைவிட, வலி வருமா என்பது தெரியாமல் இருப்பதே உடம்பை அதிகம் வாட்டுகிறது. தேர்வு முடிவுக்குக் காத்திருந்தவர்களுக்கும், மருத்துவப் பரிசோதனை அறிக்கைக்குக் காத்திருந்தவர்களுக்கும் இது புதுச் செய்தியாக இருக்காது.

அதே ஆய்வில் இன்னொன்றும் தெரிந்தது. நிச்சயமின்மை கூடும்போது பதற்றம் கூடி, குறையும்போது குறைந்து, இரண்டும் ஒட்டிப் போனவர்களே பாம்பு எங்கே என்று நன்றாக ஊகித்தார்கள். அதாவது பதற்றம் ஒரு கோளாறு அல்ல. தெரியாத சூழலில் மூளை கண்ணைத் திறந்துவைக்கிறது, கவனத்தைக் கூர்மையாக்குகிறது, கற்றுக்கொள்ளத் தயாராகிறது. காட்டில் புதர் அசையும்போது ஓடுவதா நிற்பதா என்று முடிவெடுக்க வேண்டியிருந்த உயிரினத்துக்கு இது பயன்பட்டது. கிரிக்கெட் ரசிகரின் சிக்கல் இங்கேதான் இருக்கிறது. உடம்பு செயலுக்குத் தயாராகிவிடுகிறது. கையில் மட்டை இல்லை.

இன்பத்தின் பக்கமும் இதே கணக்குதான். குரங்குகளின் மூளையில் டோபமைன் நரம்பணுக்களை ஆராய்ந்த ஃபியோரில்லோ, டோப்ளர், ஷூல்ட்ஸ் ஆகியோர் 2003இல் ஒரு முடிவை வெளியிட்டார்கள். பழச்சாறு கிடைக்குமா என்று குரங்கு காத்திருக்கும் அந்த இடைவெளியில், வாய்ப்பு பாதிக்குப் பாதியாக இருக்கும்போது அந்த அணுக்களின் துடிப்பு மெல்ல ஏறி மிக அதிகமாக இருந்தது. கிடைப்பது உறுதி என்றபோது அந்த ஏற்றம் இல்லை. நம்மை வதைக்கும் அதே நிச்சயமின்மைதான் திரையை விட்டுக் கண்ணை எடுக்கவிடாமலும் செய்கிறது. நான்கு ஓவர் மிச்சமிருக்கையில் முடிவு தெரிந்துபோன ஆட்டத்தை அணைத்துவிட்டுப் படுத்துவிடுகிறோம். கடைசிப் பந்து வரை போகும் ஆட்டத்தை, மறுநாள் விடியலில் வேலைக்கு அழைத்துப்போகும் லாரி வந்து நிற்கும் என்று தெரிந்தும் விட முடிவதில்லை.

இதயத்துக்கு வருவோம். இதை அளக்க முன்வந்தவர்கள் ஐஸ் ஹாக்கியை உயிராக நினைக்கும் மாண்ட்ரியால் நகரத்து ஆய்வாளர்கள். மாண்ட்ரியால் கனடியன்ஸ் அணியின் ரசிகர்கள் இருபது பேருக்கு, இதய நோய் எதுவும் இல்லாதவர்களுக்கு, ஆட்டம் பார்க்கும்போது நாடித்துடிப்பு அளக்கும் கருவியை மாட்டினார்கள். 2017இல் கனடிய இதயவியல் இதழில் முடிவுகள் வந்தன. தொலைக்காட்சியில் பார்த்தவர்களுக்குத் துடிப்பு சுமார் 75 விழுக்காடு ஏறியது. அரங்கத்தில் நேரில் பார்த்தவர்களுக்கு சுமார் 110 விழுக்காடு, அதாவது இரண்டு மடங்குக்கு மேல். விரைந்து ஓடினால் இதயம் எவ்வளவு உழைக்குமோ அந்த அளவை நெருங்கும் உழைப்பு இது, நாற்காலியில் உட்கார்ந்தபடியே. கோல் விழ வாய்ப்புள்ள தருணங்களிலும் கூடுதல் நேர ஆட்டத்திலும் துடிப்பு உச்சத்தில் இருந்தது. இருபது பேர் என்பது சிறிய எண்ணிக்கைதான். ஆனாலும் ஏற்றம் கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் அளவுக்குப் பெரியது.

ஆரோக்கியமான இதயம் இதைத் தாங்கிக்கொள்ளும். ஏற்கெனவே அடைப்பு உள்ள இதயம்? 2006 உலகக் கிண்ணக் காற்பந்தின்போது மியூனிக் வட்டாரத்தில் அவசர இதய சிகிச்சைக்கு வந்தவர்களை வில்பர்ட்-லாம்பன் குழுவினர் எண்ணிப் பார்த்தார்கள். ஜெர்மனி ஆடிய நாள்களில் அந்த எண்ணிக்கை வழக்கத்தைவிட 2.66 மடங்கு. ஆண்களுக்கு 3.26 மடங்கு, பெண்களுக்கு 1.82 மடங்கு. ஆட்டம் தொடங்கி முதல் இரண்டு மணி நேரத்தில்தான் அதிகம். முன்பே இதய நோய் இருந்தவர்களுக்கு ஆபத்து இன்னும் கூடுதல். அட்ரினலின் பாய்ந்து ரத்த அழுத்தம் ஏறும்போது, ரத்தக்குழாய்ச் சுவரில் படிந்த கொழுப்புத் திட்டு வெடித்து உறைகட்டி ஏற்பட வழி பிறக்கிறது. அதோடு தூக்கமின்மை, புகை, மது, கொழுப்பான தீனி எல்லாம் ஒன்றுசேர்கின்றன.

இதைப் படித்துவிட்டு யாரும் ஆட்டம் பார்ப்பதை விட்டுவிட வேண்டாம். ஆனால் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் ஆட்டத்தின் மும்முரத்தில் இரவு மாத்திரையை மறக்கக் கூடாது. நெஞ்சில் அழுத்தமும் இடக்கையில் வலியும் வந்தால் ‘இந்த ஓவர் முடியட்டும்’ என்று காத்திருக்கவே கூடாது. சிங்கப்பூரில் எங்கிருந்தாலும் 995. தங்கும் விடுதியில் பக்கத்துக் கட்டில் நண்பருக்கும் இந்த எண் தெரிந்திருக்க வேண்டும்.

ஆட்டம் முடிந்த பிறகும் உடம்பு முடித்துக்கொள்வதில்லை. அட்ரினலின் சில நிமிடங்களில் வடிந்துவிடும். கார்ட்டிசால் அப்படியல்ல. மூளையின் ஹைப்போதலாமசிலிருந்து பிட்யூட்டரிக்கும், அங்கிருந்து சிறுநீரகத்தின் மேலிருக்கும் அட்ரினல் சுரப்பிக்கும் செய்தி போய், அந்த இயக்குநீர் ரத்தத்தில் உச்சம் தொடவே இருபது முப்பது நிமிடம் ஆகும். அதில் பாதி கரைய இன்னும் ஒரு மணி நேரம் பிடிக்கும். அதனால்தான் ஆட்டம் முடிந்து விளக்கை அணைத்த பிறகும் தூக்கம் வருவதில்லை. 2023 ஐபிஎல் இறுதி ஆட்டத்தை நினைத்துப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை மழையில் கரைந்து, திங்கள் இரவுக்குத் தள்ளிப்போய், மறுபடி மழை வந்து, 15 ஓவரில் 171 என்று இலக்கு மாறி, கடைசி இரண்டு பந்தில் 10 ரன் தேவை என்ற இடத்தில் மோகித் சர்மாவின் பந்தில் ஜடேஜா ஒரு சிக்ஸும் ஒரு பவுண்டரியும் அடித்தார். சிங்கப்பூரில் செவ்வாய்க்கிழமை அதிகாலை நான்கு மணி வாக்கு. வென்றவர்களுக்கும் அன்று தூக்கம் இல்லை. அந்தக் காலையில் சாரக்கட்டு ஏறியவர்களையும் கனரக வாகனம் ஓட்டியவர்களையும் நினைத்தால் எனக்குக் கவலையாகவே இருக்கிறது. உயரத்தில் வேலை பார்ப்பவருக்குத் தூக்கக் கலக்கம் சின்ன விஷயமல்ல.

இவ்வளவும் எதற்காக? அந்த அணிக்கும் நமக்கும் என்ன உறவு?

அமெரிக்க உளவியலாளர் ராபர்ட் சியால்டினியும் சகாக்களும் 1976இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொட்டது. பல்கலைக்கழக அணி சனிக்கிழமை வென்றால், திங்கள்கிழமை வகுப்புக்கு அந்தப் பல்கலைக்கழகச் சின்னம் பொறித்த உடையணிந்து வந்த மாணவர்கள் அதிகம். ஆட்டத்தைப் பற்றிச் சொல்லச் சொன்னால், வென்றபோது ‘நாம ஜெயிச்சோம்’ என்றவர்கள், தோற்றபோது ‘அவங்க தோத்துட்டாங்க’ என்றார்கள். தேக்காவில் எந்தத் தேநீர்க் கடையில் நின்றாலும் இந்த இரண்டு வாக்கியங்களையும் கேட்கலாம். 1994 உலகக் கிண்ண இறுதியாட்டத்தைப் பார்த்த பிரேசில், இத்தாலி ரசிகர்களின் உமிழ்நீரைச் சோதித்த வேறொரு சிறிய ஆய்வில், வென்ற பிரேசில் ரசிகர்களின் டெஸ்டோஸ்டிரோன் சுமார் 28 விழுக்காடு ஏறியிருந்தது, இத்தாலி ரசிகர்களுடையது சுமார் 27 விழுக்காடு இறங்கியிருந்தது. அவர்கள் யாரும் பந்தைத் தொடவில்லை. உடம்போ தானே ஆடியதாக எடுத்துக்கொண்டது.

ஊரை விட்டு வந்தவர்களுக்கு இந்த ‘நாம’ இன்னும் கனமானது என்று நான் நம்புகிறேன். வேலைத்தளத்தில் பெயரைவிட அட்டை எண் முக்கியமாகிவிடும் வாழ்க்கையில், மஞ்சள் சட்டை ஒரு முகவரி. சேப்பாக்கத்தின் ஆரவாரம் கைபேசியில் கேட்கும் மூன்று மணி நேரம் ஊருக்குப் போய்வந்த மாதிரி. ஆகவே அணி வெளியேறினால் இழப்பது ஒரு கோப்பையை மட்டும் அல்ல. அடுத்த சில வாரங்களுக்கு ஊரோடு சேர்ந்து ஒரே நேரத்தில் மூச்சைப் பிடிக்கும் வாய்ப்பும் போய்விடுகிறது.

இங்கேயே பிறந்து வளர்ந்த தமிழருக்கு ‘நாம’ வேறு பக்கம் திரும்பும். 2025 அக்டோபர் 9 அன்று தேசிய விளையாட்டரங்கில் ஆசியக் கிண்ணத் தகுதிச் சுற்றில் சிங்கப்பூரும் இந்தியாவும் மோதின. இடைவேளைக்குச் சற்று முன் இக்சான் ஃபாண்டி கோல் போட்டார். இரண்டாம் பாதியின் தொடக்கத்திலேயே இந்தியாவின் சந்தேஷ் ஜிங்கன் சிவப்பு அட்டை வாங்கி வெளியேறினார். சிங்கப்பூருக்கு ஒரு கோல் முன்னிலை, எதிரே பத்துப் பேர். 90ஆம் நிமிடத்தில் ரஹீம் அலி சமன் செய்துவிட்டார். அன்று ஒரே தேநீர்க் கடையில் இரண்டு பக்கத்து இதயங்களும் துடித்திருக்கும். மறுநாள் வேலைக்குப் போகும் ஒரே ரயிலில் ஒருவருக்கு நிம்மதி, ஒருவருக்கு ஆற்றாமை.

செய்வதற்கு எதுவுமில்லாத பதற்றம், செய்வதற்கு எதையாவது தேடும். விக்கெட் விழாத வரை யாரும் இடம் மாறக்கூடாது, போன தடவை வென்றபோது போட்ட சட்டையைத்தான் போட வேண்டும், ‘நான் பார்த்தால் தோற்றுவிடும்’ என்று சமையலறைக்குப் போய் நிற்பது, ஆட்டத்தன்று வீரமாகாளியம்மன் கோவில் பக்கம் ஒரு நடை. எலன் லாங்கர் 1975இல் இதைக் ‘கட்டுப்படுத்தும் மாயை’ என்று விளக்கினார். அலுவலகங்களில் ஒரு டாலர் குலுக்கல் சீட்டு விற்கப்பட்டது. சிலர் சீட்டைத் தாங்களே தேர்ந்தெடுத்தார்கள், சிலருக்குக் கையில் கொடுக்கப்பட்டது. பிறகு அதைத் திருப்பி விற்க விலை கேட்டபோது, கொடுக்கப்பட்டவர்கள் சராசரியாக 1.96 டாலரும் தாங்களே எடுத்தவர்கள் 8.67 டாலரும் கேட்டார்கள். பரிசு விழும் வாய்ப்பு இருவருக்கும் ஒன்றுதான். சடங்கு ஆட்டத்தை மாற்றாது. ஆனால் செயலுக்குத் தயாரான உடம்புக்கு ஒரு வேலை கொடுக்கிறது. கோவிலுக்குப் போய்வருபவருக்கு மனம் அடங்குகிறது என்றால் அதில் எனக்கு ஆட்சேபம் இல்லை.

வேறு சிலர் கணக்கிடம் அடைக்கலம் தேடுகிறார்கள். இன்னும் எத்தனை ஆட்டம், யார் யாரிடம் தோற்றால் நமக்கு நல்லது, வாய்ப்பு எத்தனை விழுக்காடு. லிட்டில் இந்தியாவின் ரேஸ் கோர்ஸ் ரோடு, 1933 வரை பக்கத்து ஃபேரர் பார்க்கில் குதிரைப் பந்தயம் நடந்ததால் பெயர் பெற்றது. வாய்ப்பை எண்ணாக்கும் பழக்கம் இந்தத் தெருவுக்குப் புதிதல்ல. நிகழ்தகவுக் கணிதமும் அப்படி ஒரு கேள்வியில்தான் பிறந்தது. 1654இல் பாஸ்கலும் ஃபெர்மாவும் கடிதம் எழுதி விவாதித்த கேள்வி இது: மூன்று சுற்று முதலில் வெல்பவருக்குப் பணம் முழுவதும் என்று இருவர் ஆடுகிறார்கள். ஒருவர் இரண்டு, மற்றவர் ஒன்று வென்ற நிலையில் ஆட்டம் நின்றுவிடுகிறது. பணத்தை எப்படிப் பிரிப்பது?

நடந்ததை எண்ணாதே, நடக்கக் கூடியதை எண்ணு என்பது ஃபெர்மாவின் வழி. இன்னும் அதிகபட்சம் இரண்டு சுற்று. அவை நான்கு விதமாக முடியலாம். அதில் மூன்று விதத்தில் முன்னணியில் இருப்பவர் வெல்கிறார். ஆகவே முக்கால் பங்கு அவருக்கு. இன்றைய பிளேஆஃப் கணிப்பும் இதே வேலையைத்தான் பெரிய அளவில் செய்கிறது. பத்து ஆட்டம் மிச்சமிருந்தால் 1,024 எதிர்காலங்கள், இருபது என்றால் பத்து லட்சத்துக்கு மேல். நெட் ரன் ரேட்டும் சேர்ந்தால் எண்ணி மாளாது. அங்கே கைகொடுப்பது 1946இல் நோய்ப்படுக்கையில் தனியாளாகச் சீட்டு ஆடிக்கொண்டிருந்த ஸ்டானிஸ்லாவ் உலாமுக்குத் தோன்றிய வழி. எல்லாவற்றையும் எண்ண முடியாவிட்டால், பல தடவை ஆடிப் பார்த்து எத்தனை முறை வெல்கிறது என்று கணக்கெடு. மாண்டி கார்லோ முறை என்று அதற்குப் பெயர் வந்தது. கணினி மிச்ச ஆட்டங்களை ஆயிரக்கணக்கான தடவை ஆடிப் பார்க்கிறது. அதில் எத்தனை தடவை நம் அணி உள்ளே வந்ததோ அதுவே விழுக்காடு.

2024இல் ஆர்சிபி முதல் எட்டு ஆட்டத்தில் ஏழில் தோற்றிருந்தது. ஏழாவது தோல்வி கொல்கத்தாவிடம் ஒரே ரன்னில். மிச்ச ஆறையும் வெல்ல வேண்டும். ஒவ்வொன்றும் பாதிக்குப் பாதி என்று வைத்தால் ஆறும் வெல்லும் வாய்ப்பு 64இல் ஒன்று, ஒன்றரை விழுக்காடு. அதற்கு மேல் மற்ற அணிகளின் முடிவுகளும் ரன் ரேட்டும் ஒத்துவர வேண்டும். வென்றது. கடைசிப் பட்டியலில் நான்கு அணிகள் 14 புள்ளியில் நின்றன. பெங்களூரு 0.459, சென்னை 0.392, டெல்லியும் லக்னோவும் பூஜ்ஜியத்துக்குக் கீழே. ஒரு விழுக்காடு என்பது நடக்காது என்று பொருளல்ல. ஆண்டுதோறும் சில அணிகள் அந்த மூலைக்குத் தள்ளப்படுகின்றன. போதுமான ஆண்டுகள் ஓடினால் ஏதோ ஓர் அணி மீண்டு வரத்தான் செய்யும்.

அப்படியிருக்க, கணிப்பு எண் ஏன் மனத்தை ஆற்றுவதில்லை? பல ஆயிரம் எதிர்காலங்களின் சராசரி அது. ரசிகருக்குக் கிடைப்பதோ ஒரே ஓர் எதிர்காலம். பட்டியல் நெருங்க நெருங்க எண் ஐம்பதை நோக்கி வருகிறது, டி பெர்க்கரின் சோதனை சொல்வது போல அதுவே உடம்புக்கு மிகக் கடினமான எண். கணிப்பைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை திறந்து பார்ப்பவர் அந்த நிச்சயமின்மையைப் பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை புதுப்பித்துக்கொள்கிறார். ஒரு நாளைக்கு ஒரு முறை பார்த்தால் போதும் என்பேன்.

எதிர்பார்ப்பு எவ்வளவு உயரத்தில் இருந்தது என்பதும் முக்கியம். டேவிட் கார்டும் கார்டன் டாலும் 2011இல் வெளியிட்ட ஆய்வு அமெரிக்கக் காற்பந்து ஆட்டங்களையும் காவல்துறைப் பதிவுகளையும் ஒப்பிட்டது. வெல்லும் என்று எதிர்பார்க்கப்பட்ட உள்ளூர் அணி தோற்ற நாள்களில், ஆண்கள் வீட்டில் மனைவியையோ துணையையோ தாக்கும் சம்பவங்கள் சுமார் பத்து விழுக்காடு கூடின. சமபலத்தில் ஆடித் தோற்ற நாள்களில் அப்படிக் கூடவில்லை. இதைக் கூச்சமில்லாமல் பேச வேண்டும். ஓர் ஆட்டத்தின் முடிவு யாருடைய கையையும் ஓங்கவைக்கும் காரணமாக முடியாது. ‘நிச்சயம் நாமதான்’ என்று ஏற்றி ஏற்றிப் பேசிய மாலைகளின் இரவில், தொலைக்காட்சிக்குப் பின்னால் சமையலறையில் நிற்பவர் பயப்படும் நிலை எந்த வீட்டிலும் வரக் கூடாது.

வருத்தம் எவ்வளவு நாள் இருக்கும்? நாம் நினைப்பதைவிடக் குறைவு. டிமதி வில்சனும் டேனியல் கில்பர்ட்டும் சகாக்களும் 2000இல் வெளியிட்ட சோதனைகளில், தங்கள் அணி வென்றால் அல்லது தோற்றால் மகிழ்ச்சி எத்தனை நாள் பாதிக்கப்படும் என்று கல்லூரி மாணவர்களிடம் முன்கூட்டியே கேட்டார்கள். மாணவர்கள் மிகையாகவே சொன்னார்கள். ஆட்டம் முடிந்து சில நாளில் அவர்களுடைய மனநிலை அவர்கள் ஊகித்ததைவிடச் சீக்கிரம் சமனுக்கு வந்திருந்தது. அந்த நாள்களில் வேறென்ன செய்யப்போகிறோம் என்று முதலில் எழுதிப் பார்த்தவர்களின் ஊகம் உண்மைக்கு அருகில் இருந்தது. படிப்பும் நண்பர்களும் சாப்பாடும் தூக்கமும் அந்த நாள்களிலும் இருக்கத்தானே செய்யும். ஊருக்குப் பணம் அனுப்ப வரிசையில் நிற்கும் ஞாயிற்றுக்கிழமைக்கும் இது பொருந்தும்.

2025இல் சென்னை ரசிகர்களுக்கு வேறு வகை அனுபவம். ஏப்ரல் 30 அன்று சேப்பாக்கத்திலேயே பஞ்சாபிடம் தோற்று, அந்த ஆண்டு வாய்ப்பை இழந்த முதல் அணி ஆனது. 14 ஆட்டத்தில் நான்கு வெற்றி, வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடம். வருத்தம் பெரிதுதான். ஆனால் மே மாத ஆட்டங்களில் உள்ளங்கை வியர்க்கவில்லை. வாய்ப்பு பூஜ்ஜியம் ஆனதும் பதற்றத்துக்கு வேலை இல்லாமல் போனது. பலர் பதினொரு மணிக்கே படுக்கப் போனார்கள்.

சிங்கப்பூர்க் காற்பந்து ரசிகர்களுக்கோ அந்த ஆண்டு கடைசி வரை பாதிக்குப் பாதிதான். இந்தியாவுடன் சமன் செய்த ஐந்தாம் நாள் கோவாவில் சோங் உய் யோங் போட்ட இரண்டு கோல்களால் 2-1 என்று வென்றார்கள். நவம்பர் 18 அன்று ஹாங்காங்கின் காய் டாக் அரங்கில் முதலில் ஒரு கோல் பின்தங்கி, இரண்டாம் பாதியில் ஷவால் அனுவாரும் இல்ஹான் ஃபாண்டியும் அடித்த கோல்களால் 2-1 என்று வென்று, ஆசியக் கிண்ணத்துக்கு முதன்முறையாகச் சொந்த ஆட்டத்தால் தகுதி பெற்றார்கள். 1984இல் ஆடியது போட்டியை நடத்திய நாடு என்பதால். அடுத்த போட்டி 2027 ஜனவரியில் சவூதி அரேபியாவில். ரியாத்தில் மாலை ஏழு மணிக்கு ஆட்டம் தொடங்கினால் இங்கே நள்ளிரவு பன்னிரண்டு.